கல்யாணத்துக்கு 64 ஜிபியா, 128 ஜிபியா? மெமரி கார்டு கணக்கு

வணக்கம் மக்களே! கல்யாண ஆர்டர் எடுக்க ஆரம்பிச்ச எல்லாரும் கேக்குறது இதுதான்: "64 ஜிபி கார்டு போதுமா, 128 வாங்கணுமா?" உங்க கேமராவுல கார்டு ஸ்லாட் ஒண்ணா ரெண்டான்னு முதல்ல சொல்லுங்க. பாதி முடிவு அதுலயே இருக்கு. அதுக்கு முன்னாடி கணக்கு போட்டுடலாம்.

24 மெகாபிக்சல் கேமரான்னு வச்சுக்குவோம். லாஸ்லெஸ் கம்ப்ரெஸ்டு ரா ஃபைல் (சென்சார் பதிவு பண்ற மூலப் படம், தரம் குறையாம சுருக்கினது) ஒண்ணு சுமாரா 25லேருந்து 30 எம்பி வரும். நான் 30ன்னே போடுறேன், கணக்கு கொஞ்சம் தாராளமா இருக்கட்டும். அதே கேமராவுல அன்கம்ப்ரெஸ்டு, அதாவது சுருக்காத ரா வச்சீங்கன்னா 48 எம்பி பக்கம் போயிடும். பிக்சலுக்கு 2 பைட்டுன்னு அப்படியே எழுதி வைக்கும், அதான் காரணம். கண்ணுக்குத் தெரியிற லாபம் எதுவும் கிடையாது. மெனுவுல போய் லாஸ்லெஸ்ஸுக்கு மாத்திடுங்க, காசு செலவில்லாம கார்டு பெருசான மாதிரி.

ஒரு ஆள் நாள் முழுக்க எடுத்தா 2,500 படம்னு வைங்க. ரா மட்டும்னா 75 ஜிபி. ரா கூட பெரிய ஜேபெக்கும் சேர்த்தா படத்துக்கு 40 எம்பி, மொத்தம் 100 ஜிபி. 45 மெகாபிக்சல் கேமரான்னா படத்துக்கு 55 எம்பி, 137 ஜிபிக்கு மேல போகும். இதுக்கு மேல முப்பது சதவீதம் கூட்டி வச்சுக்கோங்க. நிகழ்ச்சி இழுத்துக்கிட்டே போகும், குரூப் போட்டோவுக்கு ஆளுங்க வந்துக்கிட்டே இருப்பாங்க.

ஆனா என் நம்பரை அப்படியே எடுத்துக்காதீங்க. நீங்க கடைசியா எடுத்த கல்யாண ஃபோல்டரைத் திறங்க. மொத்த சைஸை ஃபைல் எண்ணிக்கையால வகுங்க. வர்றதுதான் உங்க சராசரி. கேமரா ஸ்கிரீன்ல "இன்னும் 1,800 படம்"னு காட்டுதே, அது உத்தேசம்தான். வெளிச்சம் கம்மியான ஹால்ல ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 6400 போனா படத்துல நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியா இரைச்சல் ஏறும். நாய்ஸ் சரியா சுருங்காது, அதனால ஒவ்வொரு ஃபைலும் பெருசாகும். பகல்ல வெளியில எடுக்கும்போது அந்த எண்ணிக்கை குறையுற வேகம் ஒண்ணு, ராத்திரி மண்டபத்துக்குள்ள குறையுற வேகம் இன்னொண்ணு.

அப்புறம், 128 ஜிபி கார்டைக் கம்ப்யூட்டர்ல போட்டா 119 தானே காட்டுதுன்னு பயப்படாதீங்க. கார்டு தயாரிக்கிறவங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுறாங்க, விண்டோஸ் 1,024ஆ எண்ணுது. யாரும் ஏமாத்தல.

சரி, ஸ்லாட்டுக்கு வருவோம். ரெண்டு ஸ்லாட் இருந்தா என் பதில் தெளிவு: ஒரே அளவுல ரெண்டு 128 போடுங்க, மெனுவுல பேக்கப் மோடு வைங்க. ஒவ்வொரு படமும் ரெண்டு கார்டுலயும் விழும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கு, 24 மெகாபிக்சல்ல ரா மட்டும்னா நாள் முழுக்கக் கார்டை மாத்தவும் வேண்டாம். இங்க ஒரு தப்பு அடிக்கடி நடக்கும். ஒண்ணு 128, இன்னொண்ணு வீட்டுல கிடந்த 64னு போடுவாங்க. சின்னது நிரம்பின உடனே ஷட்டர் நின்னுடும், பெருசுல பாதி காலியா கிடக்கும். ஓவர்ஃப்ளோ மோடுல (ஒண்ணு நிரம்பினதும் அடுத்ததுல விழும்) வச்சா இடம் டபுளாகும், உண்மைதான், ஆனா பாதுகாப்பு பூஜ்யம். கல்யாணத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஒரே ஸ்லாட்டா? அப்ப 64 ஜிபி மூணு வாங்குங்க. "ஒரே கார்டுல எல்லாத்தையும் போடாதே, சின்னச் சின்னதா நிறைய வை"ன்னு சொல்றவங்க சொல்றதுல பாதி நியாயம்தான் இருக்கு. ஒரு கார்டு கெட்டா போறது கொஞ்சம்தான், சரி. ஆனா மாத்தும்போதுதான் கார்டு கீழ விழுது, காணாமப் போகுது. காலின்னு நினைச்சு நிரம்பினதையே திருப்பிப் போட்டு ஃபார்மேட் பண்றதும் அப்பதான். 16, 32 எல்லாம் வச்சா நாளெல்லாம் இதே வேலை. 64ல ரா மட்டும்னா ஏறக்குறைய 2,000 படம். முக்கியமான சடங்குக்கு முன்னாடி ஒரு தடவை, சாப்பாட்டு இடைவேளைல ஒரு தடவை மாத்தினா போதும். கார்டு நிரம்பட்டும்னு காத்திருக்காதீங்க. இருநூறு படத்துக்கு இடம் இருக்கும்போதே, நடுவுல ஓய்வு கிடைச்சா மாத்திடுங்க. நிரம்பினதை டப்பால கவுத்து வைங்க, காலியானதை நிமிர்த்தி வைங்க. இருட்டுலயும் தெரியும்.

இடம் பத்தலன்னு நடு நிகழ்ச்சில உக்காந்து படம் அழிக்கிற பழக்கம் இருக்கா? விட்டுடுங்க. சின்ன ஸ்கிரீன்ல பார்த்து அழிக்கிறதுல நல்ல படமும் சேர்ந்து போயிடும்.

வேகத்தையும் பார்க்கணும். கார்டு முகப்புல 170 மாதிரி ஒரு நம்பர் பெருசா எழுதியிருக்குமே, அது வினாடிக்கு இத்தனை எம்பின்னு படிக்கிற வேகம். எழுதுற வேகம் அதைவிடக் குறைவாத்தான் இருக்கும். ஓரத்துல இருக்கிற வி30, வி60, வி90 பாருங்க: வினாடிக்குக் குறைஞ்சது 30, 60, 90 எம்பி விடாம எழுதும்னு அர்த்தம். வினாடிக்கு 10 படம்னு மூணு வினாடி அழுத்தினீங்கன்னா 30 படம், 900 எம்பி. 80 எம்பி வேகத்துல எழுதினா அது இறங்கவே 11 வினாடிக்கு மேல. பஃபர் (கேமராவோட தற்காலிக மெமரி) நிரம்பியிருந்தா அதுவரைக்கும் கேமரா திணறும். 250ல எழுதினா நாலு வினாடி கூட ஆகாது. ஆனா அந்த வேகம் யுஹெச்எஸ்-2ங்கிற வேகமான வகை கார்டுலதான் வரும், பின்பக்கம் ரெண்டாவது வரிசை காண்டாக்ட் இருக்கும் பாருங்க. உங்க ஸ்லாட்டும் யுஹெச்எஸ்-2 ஆ இருக்கணும். சில கேமராவுல ஒரு ஸ்லாட் மட்டும்தான் அப்படி. பேக்கப் மோடுல ரெண்டு கார்டுல எது மெதுவோ அதுக்காக இன்னொண்ணும் காத்திருக்கும்.

இடையில வீடியோவும் எடுப்பீங்கன்னா தனியா கூட்டுங்க. 100 எம்பிபிஎஸ்னா (வினாடிக்கு 100 மெகாபிட், மெகாபைட் இல்ல) பத்து நிமிஷத்துக்கு 7.5 ஜிபி.

புதுக் கார்டு வாங்கினா நேரா கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. 32 ஜிபி கார்டோட கண்ட்ரோலரை (உள்ள இருக்கிற கட்டுப்பாட்டு சிப்பை) மாத்தி 128னு காட்டுற போலி உண்டு. கேமராவும் 128னே நம்பும், 32 தாண்டினதும் படம் எல்லாம் குப்பை. எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw)ன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, விண்டோஸ்ல ஓடும். முழுக் கார்டையும் நிரப்பி, திரும்பப் படிச்சுச் சரிபார்க்கும். 128க்கு அரை மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆகட்டும். முடிஞ்சதும் கேமராவுக்குள்ளயே ஃபார்மேட் பண்ணுங்க, கம்ப்யூட்டர்ல வேண்டாம். மைக்ரோ எஸ்டியை அடாப்டர்ல செருகி ஓட்டாதீங்க, அந்தக் காண்டாக்ட் எப்ப விடும்னு தெரியாது.

தப்பா ஃபார்மேட் பண்ணிட்டா? அந்தக் கார்டுல அதுக்கப்புறம் ஒரு படம் கூட எடுக்காதீங்க, வெளிய எடுத்துத் தனியா வைங்க. சாதாரண ஃபார்மேட்னா பெரும்பாலும் எந்தப் படம் எங்க இருக்குங்கிற அட்டவணை மட்டும்தான் அழிஞ்சிருக்கும், ரெக்கவரி மென்பொருள்ல மீட்க வாய்ப்பு இருக்கு. லோ லெவல் ஃபார்மேட் (கார்டை முழுசா துடைக்கிறது) டிக் பண்ணியிருந்தா அந்த நம்பிக்கையும் கம்மி.

ரெண்டு கேமரா வச்சிருக்கீங்கன்னா ஃபைல் பெயரோட முன்னெழுத்தை வேற வேறயா வச்சுட்டு, கடிகாரத்தையும் ஒண்ணாக்கிடுங்க. இல்லேன்னா ஒரே ஃபோல்டர்ல காப்பி பண்ணும்போது ஒரே நம்பர்ல ரெண்டு படம் மோதும், "ரீப்ளேஸ்"னு ஒரு அழுத்து அழுத்தினா முதல் கேமராவோட படம் காலி. ரெண்டு தனித்தனி டிஸ்க்ல காப்பி ஏறி, எண்ணிக்கையும் ஒத்துப் போற வரைக்கும் எந்தக் கார்டையும் ஃபார்மேட் பண்ணாதீங்க.