சேணத்தை வித்தவன்

வணக்கம் நேயர்களே. கௌபாய்னாலே எல்லாருக்கும் தொப்பியும் துப்பாக்கியும்தான் கண்ணு முன்னாடி வரும், நான் இன்னிக்குப் பேச வந்தது அவனோட சம்பளத்தப் பத்தி.

1880கள்ல டெக்சாஸ் பக்கம் ஒரு கௌபாய்க்கு மாசம் 30 டாலர், கொஞ்சம் அனுபவம் இருந்தா 40, சோறு பண்ணையில போட்டுடுவாங்க. அவன் ஏறுற குதிரைங்க பெரும்பாலும் பண்ணையோடது, மேல போடுற சேணம் மட்டும் அவன் சொந்தக் காசு, நல்லதா வாங்கணும்னா ஒரு மாசச் சம்பளம் அப்படியே போயிடும். அதனால "அவன் சேணத்தையே வித்துட்டான்பா"ன்னு பேசிக்கிட்டாங்கன்னா, ஆளு மொத்தமா முடிஞ்சுட்டான்னு அர்த்தம்.

வேலையும் வருஷம் பூரா கிடையாது. வசந்தத்துல மாட்டக் கூட்டி கன்னுக்குட்டிக்குச் சூடு போடணும், அப்புறம் விக்கிற மாட்டப் பிரிச்சு ரயிலுக்கு ஓட்டணும், குளிர் வந்ததும் நாலஞ்சு பேர வச்சுக்கிட்டு மத்தவங்கள அனுப்பிடுவாங்க. வேலை போனவன் என்ன பண்ணுவான்? பண்ணை பண்ணையா குதிரையில போவான், ஒரு வேளை சாப்பாடு, ரெண்டு ராத்திரி படுக்கை, பதிலுக்குக் கொஞ்சம் விறகு வெட்டிக் குடுத்து ஊர்க்கதை சொல்லிட்டு அடுத்த இடம். பிச்சைன்னு யாரும் சொல்லல, ஆனா அவனுக்குத் தெரியும்ல.

1883ல டெக்சாஸோட வடக்கு மூலையில, பான்ஹேண்டில்னு சொல்ற பக்கம், 24 கௌபாய்ங்க கையெழுத்துப் போட்டு மாசம் 50 டாலர் வேணும்னு ஸ்ட்ரைக் பண்ணாங்க. ஆமாங்க, கௌபாய் ஸ்ட்ரைக்! முதலாளிங்க வேற ஆளுங்கள வேலைக்கு எடுத்தாங்க, ஸ்ட்ரைக்காரங்க காசு டாஸ்கோசாங்கிற ஊர்ல சாராயக் கடையில கரைஞ்சுது, அவ்ளோதான்.

அதுக்கப்புறம் மாட்டு விலை சரிஞ்சுது, புல்லுக்கு மீறி மாடு, 1886 கோடையில மழையும் இல்ல. அந்தக் குளிர்ல வடக்க இருக்கிற மொன்டானா மாநிலத்துல பனி விழுந்து, லேசா உருகி, திரும்ப உறைஞ்சு மேல ஐஸ் ஓடு மாதிரி ஆயிடுச்சு, கீழ புல் இருந்தும் மாட்டுக்கு எட்டல, நடந்தா அந்த விளிம்பு கால அறுக்குது. அப்போ ஒரு பண்ணையில மாடு பாத்துட்டு இருந்தவர் சார்லி ரஸ்ஸல், பிற்பாடு பெரிய ஓவியர். மாடுங்க எப்படி இருக்குன்னு ஹெலனா நகரத்துல இருந்து முதலாளி கேட்டு எழுதியிருந்தார். ரஸ்ஸல் கை அகல அட்டையில ஒரே ஒரு மாடு வரைஞ்சார், எலும்பும் தோலுமா, பனியில தல தொங்கி நிக்குது, பின்னாடி ஓநாய்ங்க காத்துட்டு இருக்கு. லெட்டரே தேவைப்படல, அட்டையத்தான் அனுப்பினாங்க.

வசந்தத்துல வேலைக்கு வந்தவங்களுக்குச் செத்த மாட்டுத் தோலை உரிக்கிற வேலைதான். பல பண்ணைங்க கடையக் கட்டுச்சு. தப்பிச்ச முதலாளிங்க இனிமே குளிருக்கு வைக்கோல் சேத்து வைக்கணும், வேலி கட்டணும்னு முடிவு பண்ணாங்க. கௌபாய்க்குக் குதிரைய விட்டு இறங்கிச் செய்யற வேலைன்னாலே எரிச்சல். இறங்கினான், சேணத்தக் கழட்டி வேலி மேல போட்டுட்டு, கம்பத்துக்குக் குழி தோண்ட ஆரம்பிச்சான்.