செராமிக் காம்போசிட் ஏன் இவ்ளோ விலை? மலிவா செய்ய முடியாதா?

ஒரு தம்பி கேட்டிருக்காரு, "அண்ணா, செராமிக் பிரேக் டிஸ்க்ல இருக்குறது கார்பனும் சிலிக்கானும்தானே, அப்புறம் ஏன் இவ்ளோ விலை, மலிவா செய்ய வழி இல்லையா"ன்னு. நல்ல கேள்வி தம்பி. காசு போறது முக்கியமா ரெண்டு எடத்துல, ஒண்ணு இழை, இன்னொண்ணு ஃபர்னஸ்ல கெடக்குற நேரம்.

வெறும் செராமிக், பீங்கான் தட்டு மாதிரி, விழுந்தா படார்னு ஒடையும். செவுரு வைக்க சேத்துல வைக்கோல் போட்டு மிதிப்பாங்கல்ல, அந்த மாதிரி உள்ள இழை இருந்தாதான் விரிசல் ஓடாம நிக்கும், இப்படி இழை போட்ட செராமிக்தான் செராமிக் காம்போசிட். இப்ப அந்த இழைகளுக்கு நடுவுல செராமிக்கை எப்படி நிரப்புறதுங்கறதுதான் பிரச்சனையே. பழைய வழி கேஸ் விட்டு நிரப்புறது, சுமார் 1000 டிகிரில கேஸ் உள்ள போய் கொஞ்சம் கொஞ்சமா படியும், ஆனா மேல இருக்குற துளை முதல்ல அடைச்சுக்கும், வெளிய எடுத்து மேல்பக்கத்த சீவி திரும்ப உள்ள வைக்கணும், இப்படியே வாரக்கணக்குல ஓடும், கரண்ட் பில்ல நெனச்சு பாருங்க.

மலிவு வழி உருக்கின சிலிக்கான். கார்பன் இழைய துண்டு துண்டா நறுக்கி ஃபீனாலிக் ரெசின்ங்கற பிசின்ல கலந்து மோல்டுல அழுத்தி, காத்து படாம சுமார் 900 டிகிரில சுட்டா ரெசின் கரியாயிடும், உள்ள பூரா துளையா இருக்கும். சிலிக்கான் 1414 டிகிரில உருகும், அதுக்கு மேல வேக்குவம்ல வெச்சா வெளக்குத்திரி எண்ணெய இழுக்குற மாதிரி அதுவே உள்ள ஏறி கரியோட சேந்து சிலிக்கான் கார்பைடு ஆயிடும். அழுத்தமே தேவையில்ல, சில மணி நேரத்துல முடிஞ்சிடும். ஜெர்மனில டிஎல்ஆர்ங்கற விண்வெளி ஆராய்ச்சி மைய ஆளுங்க இந்த வழில நெறைய வேலை செஞ்சிருக்காங்க, 2001 வாக்குல போர்ஷே கார்லயே செராமிக் டிஸ்க் வந்துடுச்சு.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது என்னன்னா, கடைசி பொருள அறுக்க டைமண்ட் டூல் வேணும், அது பயங்கர செலவு. அதனால கரியா, மிருதுவா இருக்கும்போதே ஓட்டை, பள்ளமெல்லாம் போட்டுடுவாங்க. சிலிக்கான் ஏறும்போது அளவு கிட்டத்தட்ட மாறாது, கடைசில லேசா தேய்ச்சா போதும்.

கொறையும் இருக்கு, சூடான சிலிக்கான் இழையையும் கொஞ்சம் தின்னுடும், பலம் கொறையும். பிரேக்குக்கு அது தாங்கும். லீப் விமான இன்ஜின்லயும் உருக்கின சிலிக்கான் வழிதான், ஆனா அங்க சிலிக்கான் கார்பைடு இழை, அந்த இழைய காக்க அதுக்கு மேல போரான் நைட்ரைடு கோட்டிங். அந்த இழைல நல்ல ரகம் கிலோ ஆயிரக்கணக்கான டாலர், அதனால ஃபர்னஸ் நேரத்த எவ்ளோ கொறைச்சாலும் இன்ஜின் பார்ட் விலை இறங்கணும்னா இழை விலை இறங்கணும் தம்பி.