கொன்றுண்ணிகள் இருந்தால் நுண்ணுயிர் வகைகள் குறைந்துவிடாதா?

ஈசூனிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "நீரில் பாக்டீரியாவைத் தின்று வாழும் உயிர்களும் இருக்கின்றன என்றீர்கள். அப்படியானால் பாக்டீரியா வகைகள் நாளடைவில் குறைய வேண்டுமல்லவா? லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்து நீரை ஒரு போத்தலில் எடுத்துச் சோதித்தால் இது தெரியுமா?"

குறையவும் செய்யலாம், கூடவும் செய்யலாம். தின்னும் உயிர் எதைத் தேடித் தின்கிறது என்பதே இங்கு முக்கியம்.

முதலில், பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ் எனப்படும் வைரஸ்களைப் பார்ப்போம். கடல்நீர் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 10 லட்சம் பாக்டீரியாக்களும் 1 கோடி வைரஸ்களும் இருக்கின்றன. ஒரு பேஜ் பெரும்பாலும் தனக்குரிய சில ரகங்களை மட்டுமே தாக்கும். தானாக நீந்திச் செல்லாது, இரை வந்து மோதினால்தான் உண்டு. ஆகவே எந்த ரகம் பெருகுகிறதோ அதுவே அதிகம் அடி வாங்குகிறது. அது சரியும்போது மிஞ்சும் உணவு, ஒதுங்கிக் கிடந்த மற்ற ரகங்களுக்குக் கிடைக்கிறது. டிங்ஸ்டாட், லிக்னெல் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 1997இல் முன்வைத்த இக்கருத்தை 'கில் த வின்னர்' (வெல்பவனைக் கொல்) என்பார்கள். இங்கே கொன்றுண்ணி பல்வகைமையைக் காக்கிறது.

ஒற்றைச் செல் உயிர்களான புரோட்டோசோவாக்களின் போக்கு வேறு. அவற்றுள் பல, இரையின் இனத்தைவிட அளவையே பார்க்கின்றன. நம் ஊரில் பயன்படுத்திய நீரைச் சுத்திகரிக்கும் ஆலைகளில் உள்ளது போன்ற, நுண்ணுயிர்கள் நிறைந்த உயிர்ச்சேற்றில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால், காம்பின் நுனியில் மணி வடிவில் நிற்கும் வார்ட்டிசெல்லாவைப் பெரும்பாலும் காணலாம். தட்டினால் காம்பு சட்டென்று சுருண்டுகொள்ளும். தனியாக மிதக்கும் பாக்டீரியாக்களை அது வாரி உண்பதால் வெளியேறும் நீர் தெளிகிறது. திரளாக ஒட்டிக்கொண்டவையும் இழையாக நீண்டவையும் தப்புகின்றன. அத்தகைய ஒருசில வடிவங்களே எஞ்சுமளவுக்கு மேய்ச்சல் கடுமையானால் பல்வகைமை குறையும்.

இந்த உறவு நிலையாக இருப்பதுமில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட சோதனையில், குளோரெல்லா பாசியையும் அதை உண்ணும் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய விலங்கையும் ஒன்றாக வளர்த்தார்கள். பாசி ஒரே மரபு வகையாக இருந்தபோது, பாசி பெருக, சற்றுப் பிந்தி ரோட்டிஃபர் பெருகியது. பாடப்புத்தகத்தில் வரும் அலைதான். பல மரபு வகைகள் கலந்திருந்தபோதோ அலை நீண்டது. ரோட்டிஃபர் உச்சத்தில் இருக்கையில் பாசி அடிமட்டத்தில் இருந்தது. மேய்ச்சல் மிகும்போது எளிதில் தின்ன முடியாத பாசி வகை முன்னேறுகிறது. ஆனால் அந்தத் தற்காப்புக்கு அது வளர்ச்சியில் விலை கொடுக்கிறது. ரோட்டிஃபர் குறைந்ததும் வேகமாக வளரும் வகை திரும்ப மேலெழுகிறது. தற்காப்புக்கு விலையே இல்லையென்றால் அந்த ஒரே வகை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே ஒரு போத்தல் நீர் போதாது; அது அலையின் ஒரு கணத்தை மட்டுமே காட்டும். ஒரே இடத்தில் குறுகிய இடைவெளிகளில் பலமுறை நீர் எடுத்து, பாக்டீரியாவோடு பேஜ்களையும் புரோட்டோசோவாக்களையும் சேர்த்து எண்ண வேண்டும். அப்போதும், ஒரே ஒரு மரபணுவை வைத்துப் பாக்டீரியாவை அடையாளம் காணும் வழக்கமான 16எஸ் சோதனையை மட்டும் நம்பினால், ஒரே இனத்துக்குள் ஒரு ரகம் வீழ்ந்து இன்னொன்று எழுவது கண்ணுக்குப் படாமல், எதுவுமே மாறாதது போலத் தோன்றக்கூடும். ரக அளவில் பார்க்க முழு மரபணுத்தொகுதியையும் வாசிக்க வேண்டியிருக்கும்.