நான்கு விநாடி மௌனம்

நேயர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழக வளாகம் என்றால் எல்லோரும் கலந்து பழகும் இடம் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே வந்து பாருங்கள். மதம், மொழி, இனம், அரசியல், வசதி என்று எத்தனையோ கோடுகள். ஒரே நூலகத்தில் ஒரே மேசையில் மூன்று ஆண்டுகள் படித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பட்டம் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களை வட்டமாக உட்கார வைத்து, மனம்விட்டுப் பேச வைப்பதற்குச் சில காலமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். அந்த வேலையைச் செய்பவரை நெறியாளர் என்று வைத்துக்கொள்வோம். உடனே தொலைக்காட்சி விவாதத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே சண்டை மூண்டால் நெறியாளருக்கு லாபம்.

இந்த வேலை எனக்குச் சுலபமாக வரும் என்று நம்பினேன். நான் ஆசிரியன், வாயால் பிழைப்பவன். அந்த வாய்தான் வினையானது.

முதல் அமர்வைச் சொல்கிறேன். பன்னிரண்டு மாணவர்கள். ஒரு பேச்சாளரை அழைக்கலாமா கூடாதா என்று வளாகமே இரண்டுபட்டிருந்த நேரம். இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர். முதல் நாற்பது நிமிடம் எல்லோரும் வெகு மரியாதையாகப் பேசினார்கள். அதாவது, யாரும் எதுவும் பேசவில்லை. அதுவரை பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்த ஒரு மாணவி மெல்லச் சொன்னாள்: "அவர் வந்து பேசுவது உங்களுக்கு ஒரு மாலை நேரக் கூட்டம். எனக்கோ, மறுநாள் காலை வகுப்புக்குள் எந்த முகத்தோடு நுழைவது என்ற கேள்வி."

அறை அடங்கிவிட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை. "அதாவது, பேச்சுரிமைக்கும் பாதுகாப்பு உணர்வுக்கும் நடுவில் ஒரு சமநிலை வேண்டும் என்கிறார்" என்று எடுத்துவிட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கே என் வாக்கியம் பிடித்திருந்தது. அவள் பேனாவை மூடி வைத்தாள். "நான் அப்படிச் சொல்லவில்லை, சார். அது நீங்கள் சொன்னது." பிறகு அன்று முழுக்க அவள் வாய் திறக்கவில்லை.

அமர்வு முடிந்ததும், எதிரில் உட்கார்ந்திருந்த மாணவன் என்னிடம் வந்தான். "அவளிடம் ஒன்று கேட்க வாயெடுத்தேன் சார், நீங்கள் முந்திக்கொண்டீர்கள்." என்ன கேட்க நினைத்தாய் என்றேன். மறந்துவிட்டது என்றான். மறந்திருக்காது.

என்னுடன் நெறியாளராக இருந்த தோழி கடிகாரத்தைக் கவனித்திருக்கிறார். நான் பொறுக்க முடியாமல் உடைத்த அந்த மௌனம் நான்கே விநாடி. எனக்கு அது ஒரு யுகமாக இருந்தது. இது ஆசிரியர்களுக்கே உரிய நோய் போலிருக்கிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து கேட்டு, 1970களில் ஆய்வுகளை வெளியிட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாதவர்கள் பேசத் தொடங்கினார்கள். மூன்று விநாடி என்பது எவ்வளவு நேரம்? இருங்கள், இப்போதே இருந்து காட்டுகிறேன்.

...

பார்த்தீர்களா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் பதறி எழுந்தே விட்டார். உங்களில் சிலர் வானொலிப் பெட்டியைத் தட்டிப் பார்த்திருப்பீர்கள்.

சும்மா இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1950களின் தொடக்கத்தில் ஒரு விதி சொன்னார். உங்கள் பதிலைச் சொல்வதற்கு முன், எதிராளி சொன்னதை அவருக்குத் திருப்தி ஏற்படும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்க எளிது, வீட்டிலேயே செய்து பாருங்கள். முதல் முறை பெரும்பாலும் தவறும். "அதாவது, நாங்கள் எல்லோரும் மோசம் என்கிறாய்" என்று கொஞ்சம் காரம் சேர்ந்துவிடும். "இல்லை, அது இல்லை" என்று முதலில் பேசியவர் மறுபடி சொல்வார். இரண்டாம் முறை சொல்லும்போது குரல் தானாக இறங்கும். இவ்வளவுக்கும் நடுவில் நெறியாளருக்கு ஒரே ஒரு கேள்விதான்: "சரியாகச் சொன்னாரா?" அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. "அதாவது" கூடவே கூடாது.

பக்கத்தில் உட்கார வைத்தாலே பகை கரைந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு 1954இலேயே கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் பதில் சொல்லியிருக்கிறார். இரு தரப்பும் சமமாக நிற்க வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், நிர்வாகத்தின் ஆதரவும் வேண்டும். இதில் கடைசி நிபந்தனையைப் பற்றி எனக்குத் தனியாக ஓர் அரைமணி நேரம் தேவைப்படும். எழுந்தவர் இப்போது கடிகாரத்தைக் காட்டுகிறார்.

இரண்டு நெறியாளர்கள் ஏன் வேண்டும் என்பதைத்தான் விரிவாகச் சொல்வதாக இருந்தேன். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இதுபோன்ற உரையாடல்களுக்காக 1988இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற மாணவர்களே இருவர் இருவராக வழிநடத்துகிறார்கள், பெரும்பாலும் பக்கத்துக்கு ஒருவர். காரணங்கள் பல. என் அனுபவத்தில் ஒன்று: நான் "அதாவது" என்று ஆரம்பித்தால் என் தோழி பேனாவை மேசைமேல் வைப்பார். போன அமர்வில் ஆறு முறை வைத்தார். அதற்கு முந்தைய அமர்வுகளில் எண்ணவில்லை என்கிறார், பெருந்தன்மை. நேரம் முடிந்தது. வணக்கம்.