ஒரு பவுண்டுக்கு மூன்று அவுன்ஸ்: பிலிப்ஸ் அகாடமியின் சாசனம்

அவையோருக்கு வணக்கம்.

பள்ளிக்கூடம் தொடங்குவது வேறு, அதற்குச் சட்டத்தின் கண்ணில் ஓர் உடம்பு வாங்கிக் கொடுப்பது வேறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டோவர் ஊரில் பிலிப்ஸ் அகாடமி 1778 ஏப்ரல் 30 அன்று பாடம் நடத்தத் தொடங்கியது. சட்ட உடம்பு கிடைத்தது 1780 அக்டோபர் 4இல்தான். இடைப்பட்ட இரண்டரை ஆண்டில் அது யார் சொத்து?

அண்ணன் சாமுவேல் பிலிப்ஸும் தம்பி ஜானும் 1778 ஏப்ரல் 21 அன்று பத்திரம் எழுதினார்கள். ஆண்டோவரில் 141 ஏக்கர், நியூ ஹாம்ப்ஷயரின் ஜாஃப்ரியில் 200 ஏக்கர், பணமாக 1,614 பவுண்டு. எல்லாம் 12 அறங்காவலர்கள் கைக்குப் போனது. அந்தப் பன்னிரண்டில் நால்வர் பிலிப்ஸ் குடும்பத்தார் என்பதையும் கவனியுங்கள்.

இப்படிப் பலர் சேர்ந்து வைத்திருக்கும் சொத்தில் என்ன சிக்கல்? ஒருவர் இறந்தால் உரிமை மிச்சமிருப்பவர்களுக்குப் போகும். கடைசி ஆள் இறந்தால் அவர் வாரிசின் கையில் போய் நிற்கும். புதியவரைச் சேர்க்கும்போதெல்லாம் நிலத்தை மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும். குத்தகைக்காரர் மேல் வழக்குப் போட எல்லோர் பெயரும் வேண்டும். ஒரு பத்திரத்தை எழுத மறந்தால் போதும், பேரன் காலத்தில் வில்லங்கம் முளைக்கும்.

மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தின் 1780ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது பள்ளியின் சாசனம், இதைத்தான் அறுத்தது. அறங்காவலர்கள் ஒரே சட்ட நபர் ஆனார்கள். ஆள் மாறலாம், அமைப்பு சாகாது. அந்தப் பெயரில் வழக்காடலாம், பொது முத்திரை வைத்துப் பத்திரம் முடிக்கலாம். முத்திரையை வெட்டியவர் பாஸ்டன் வெள்ளித் தட்டார் பால் ரெவியர். தேன்கூடு, அதற்கு மேலே சூரியன்!

குழுவின் அமைப்புக்கு வருவோம். 13 பேருக்கு மேல் கூடாது, 7 பேருக்குக் குறையக் கூடாது. தலைமை ஆசிரியர் எப்போதும் ஓர் அறங்காவலர். பெரும்பான்மையினர் பாதிரிமாராக இல்லாமல், சொந்த நிலம் உள்ள குடிமக்களாக இருக்க வேண்டும். இன்னொரு விதி என்னை மிகவும் கவர்ந்தது: பெரும்பான்மையினர் பள்ளி இருக்கும் ஊரைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. உள்ளூர்க் கோஷ்டிப் பூசல் பள்ளிக்குள் நுழையாமல் இருக்க இதைவிட எளிய பூட்டு கிடையாது. மூன்றில் இரண்டு பங்கு அறங்காவலர்கள் தக்க காரணம் கண்டால் பள்ளியையே மாநிலத்துக்குள் வேறு ஊருக்கு மாற்றலாம் என்றும் எழுதிவைத்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அது ஒரு நிரந்தர எச்சரிக்கை. ஆனால் ஊருக்குப் போட்ட பூட்டை உறவுக்குப் போடவில்லை. ஒரே குடும்பத்தார் எத்தனை பேர் உட்காரலாம் என்ற கணக்கு அந்த விதிகளில் இல்லை. குறைதான்.

இப்போது பண விதியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நிலத்திலிருந்து வரும் ஆண்டு வருமானம் 500 பவுண்டைத் தாண்டக் கூடாது, மற்ற சொத்தின் வருமானம் 2,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. கொடுப்பதற்கு ஆள் இருக்கும்போது உச்சவரம்பு எதற்கு? சாகாத ஓர் அமைப்பின் கைக்குப் போன நிலம் மறுபடி விற்பனைக்கு வராது என்ற பழைய ஆங்கிலேய அச்சம். நிலத்துக்கான வரம்பு நான்கில் ஒரு பங்காக இருப்பதும் அதனால்தான்.

அடுத்த வரிதான் சாமர்த்தியம். இரண்டு தொகைகளையும் ஓர் அவுன்ஸ் வெள்ளிக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் என்ற விகிதத்தில் மதிப்பிட வேண்டும் என்கிறது சட்டம். கணக்குப் போடுங்கள்: ஒரு ஷில்லிங் 12 பென்ஸ், எனவே 6 ஷில்லிங் 8 பென்ஸ் என்பது 80 பென்ஸ், ஒரு பவுண்டு 240 பென்ஸ். ஆக, ஒரு பவுண்டுக்கு மூன்று அவுன்ஸ். 500 பவுண்டு என்றால் 1,500 அவுன்ஸ் வெள்ளி. அதே 1780 மார்ச்சில்தான் அமெரிக்கக் காங்கிரஸ் தன் காகிதப் பணத்தை, நாற்பது காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று இறக்கியிருந்தது. வெறும் பவுண்டு என்று எழுதியிருந்தால், விலைவாசி ஏறிய வேகத்தில் இரண்டு வயல்களின் குத்தகையே வரம்பைத் தொட்டிருக்கும்.

ஆனாலும் வரம்பு வரம்புதான். 1807இல் இறையியல் கல்லூரி ஒன்றையும் நடத்த நினைத்தபோது, கூடுதல் சொத்து வைத்துக்கொள்ள இதே அறங்காவலர்கள் மறுபடி சட்டமன்றத்திடம் போக வேண்டியிருந்தது. 1808இல் கல்லூரி திறந்தது. யாழ்ப்பாணம் வந்து வட்டுக்கோட்டை செமினரியை நிறுவிய டானியல் பூவர் அங்கே படித்தவர்தான்.

சிக்கலும் அங்கேதான் பிறந்தது. 1780 சாசனப்படி மேற்பார்வை அதிகாரமும் அறங்காவலர்களுடையதே. கல்லூரிக்குப் பணம் கொடுத்த சிலர் அதை நம்பாமல், ஆசிரியர்கள் மதக் கொள்கை பிறழாமல் பார்த்துக்கொள்ள மூன்று பேர் கொண்ட தனி மேற்பார்வைக் குழுவை மேலே உட்கார வைத்தார்கள். சொத்து ஒரு குழுவிடம், ஆசிரியரை விலக்கும் இறுதி அதிகாரம் இன்னொரு குழுவிடம். 1887இல் பேராசிரியர் எக்பர்ட் ஸ்மித்தை மேற்பார்வைக் குழு பதவி நீக்கியது. 1891இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம் இறையியல் அல்ல, நடைமுறை: விசாரணையில் தங்களையும் கேட்க வேண்டும் என்ற அறங்காவலர்களின் கோரிக்கையை மேற்பார்வைக் குழு மறுத்திருந்தது. 1908இல் கல்லூரி அதே மாநிலத்தின் கேம்பிரிட்ஜுக்குப் போய்விட்டது. அகாடமி ஆண்டோவரிலேயே இருக்கிறது.