நான்-டீடெய்ல் கதையைக் கொஞ்சம் பேசிப் பார்ப்போம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றியின் கிறிஸ்துமஸ் பரிசுக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்க டெல்லா தன் கூந்தலை விற்கிறாள். அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்க அவன் கடிகாரத்தையே விற்றுவிடுகிறான். 1905-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வந்தது. பள்ளியில் இதுபோன்ற கதைகளை ஆங்கிலத் துணைப்பாடமாக, நான்-டீடெய்ல் என்ற பெயரில் படித்தோம். படித்தோம் என்பதுகூடச் சரியில்லை, கைடில் இருந்த சுருக்கத்தை உருப்போட்டுப் பரீட்சையில் இறக்கி வைத்தோம்.

ஆங்கிலம் பேசிப் பழக, அதே கதையை ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசிப் பாருங்கள். நான் பணத்தில்தான் தொடங்குவேன். டெல்லாவிடம் 1 டாலர் 87 சென்ட் இருக்கிறது. அதில் 60 சென்ட் முழுக்க ஒரு சென்ட் காசுகள் என்கிறது கதை. அப்படியானால் மீதி 1 டாலர் 27 சென்ட் எந்தக் காசுகளில் இருந்தது? 5, 10, 25 என எதைக் கூட்டினாலும் 27 வராதே! அமெரிக்காவில் ஒரு காலத்தில் இரண்டு சென்ட், மூன்று சென்ட் நாணயங்களும் இருந்தன. 1873-இலும் 1889-இலும் அவற்றை அச்சடிப்பதை நிறுத்திவிட்டார்கள். டெல்லாவிடம் பழைய காசு ஒன்று கிடந்ததா, ஆசிரியர் கணக்கில் கோட்டை விட்டாரா? இங்கே கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர் வாயைத் திறப்பார். 'இஃப்', 'பிகாஸ்' எல்லாம் தானாக வந்து விழும். நிரூபிக்க ஏதாவது இருந்தால்தான் மனிதருக்குப் பேச்சு வருகிறது.

அவர் பேசும்போது குறுக்கே புகுந்து இலக்கணம் திருத்தாதீர்கள். பிழைகளைக் குறித்து வைத்து, கடைசியில் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதுங்கள். நடுவே தமிழ் வந்தால் வரட்டும். அதே கருத்தை அப்புறம் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் போதும்.

ஒன்றை ஒளிக்க வேண்டாம். ஓ. ஹென்றியின் ஆங்கிலம் எளிதல்ல. வேண்டுமென்றே பெரிய சொற்களைப் போட்டு வேடிக்கை காட்டுகிறவர். முதலில் எளிமையாக்கிய பதிப்பைப் படியுங்கள். சண்டை சூடான பிறகு மூலத்தை எடுங்கள், சுமார் 2,000 சொற்கள்தான். தன் கட்சிக்கு ஆதாரம் தேடுகிறவர் அகராதியைத் தானே புரட்டுவார்.

குழுவில் வாயே திறக்காத ஒருவர் நிச்சயம் இருப்பார். அடுத்த கதையை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

வணக்கம்.