கவுன்சிலர் இல்லாத மழைக்காலம்

(சென்னை வளசரவாக்கத்தில் குடியிருப்போர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போதே ஒரு அம்மா என்னை நிறுத்திக் கேட்டார்: "மழை பெஞ்சா தெருவுல சாக்கடைத் தண்ணி மேல வருது. மாநகராட்சியில சொன்னா மெட்ரோ வாட்டர்ங்கறாங்க, அங்க போனா மாநகராட்சிங்கறாங்க. நாங்க யார்கிட்டதான் போறது?"

நியாயமான கேள்வி. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் 1978 முதல் தனி வாரியமாக இருக்கும் மெட்ரோ வாட்டருடையவை. வீட்டுக் கழிவுநீரை யாராவது திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் விட்டுவிட்டால், அங்கேதான் சிக்கல். அப்போது வார்டு உதவிப் பொறியாளரையும் மெட்ரோ வாட்டரின் பகுதி அலுவலகமான டெப்போவின் பொறியாளரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்க வைக்க வேண்டும். தனி ஆளாக அதைச் செய்ய முடியாது. கவுன்சிலர் கூப்பிட்டால் வருவார்கள்.

கவுன்சிலரே இல்லாமலும் இருந்தோம், நினைவிருக்கிறதா? 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை மாநகராட்சியை அரசு நியமித்த தனி அலுவலர்தான் நடத்தினார். 2021 நவம்பர் மழையில் ஊரே தண்ணீரில் நின்றபோது, போய்க் கதவைத் தட்ட நாம் ஓட்டுப் போட்ட ஒருவர்கூட இல்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

2011 வரை நாம் தனி நகராட்சி. நகராட்சித் தலைவரை நடந்தே போய்ப் பார்க்கலாம். அப்புறம் நம்மையும் சேர்த்து 42 உள்ளாட்சிகளைச் சென்னை மாநகராட்சியோடு இணைத்தார்கள். 174 சதுர கிலோமீட்டர் சென்னை 426 ஆனது. வார்டு 200, மண்டலம் 15. நாம் 11-ஆவது மண்டலம். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே வார்டுக்குச் சராசரியாக 33 ஆயிரம் பேர். ஒரு கவுன்சிலர் அத்தனை பேர் முகத்தையும் எப்படி அறிவார்?

அதற்குத்தான் பகுதி சபா, அதாவது ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம். வார்டைப் பத்துப் பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவர் வார்டு குழுவில் உட்காருகிறார். கவுன்சிலர் அதன் தலைவர். பத்தில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய மூவாயிரம் பேர், அதாவது பால் வாங்கப் போகும்போது பார்க்கிற முகங்கள்.

சரி, சபாவுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். விளக்கு எரியவில்லையா? கம்பத்தில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்திருந்தால் அந்தப் புகார் எண்ணையும் எடுத்து வாருங்கள். அம்மா, நீங்கள் உங்கள் தெருவில் தண்ணீர் பொங்கும் மூடியைப் படம் எடுத்து வையுங்கள். அடுத்த சபாவுக்கு நானும் உங்களோடு வருகிறேன்.